அல்ஜிர் முகாம் அருங்காட்சியகம்: போவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

என் அக்கா மகள் கஜகஸ்தானில், கரகண்டா நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள் என்பதால் ஊர்ப் பெயர் சிலருக்குப் பழகியிருக்கும். அவளைப் பார்க்கப் போன சாக்கில் ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்கள் இரண்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும், அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிட்டேன். பெரும்பகுதி தலைநகர் அஸ்தானா பக்கத்தில் இருக்கும் அல்ஜிர் பற்றியது. கரகண்டா பக்கத்தில் இருக்கும் டோலிங்கா பின்னால் வரும்.

அல்ஜிர் என்றால் என்ன? அல்ஜீரியாவா?

ரஷ்ய மொழியில் அல்ஜீரியா நாட்டுக்கும் அல்ஜிர் என்றுதான் பெயர். அதனால் வரைபடத்தில் வெறுமனே அந்தப் பெயரைத் தட்டினால் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவீர்கள். இது ஒரு சுருக்கப் பெயர்: "தாய்நாட்டுத் துரோகிகளின் மனைவியருக்கான அக்மோலா முகாம்" என்பதன் ரஷ்ய முதலெழுத்துகள். கைதிகள் வாயில் புழங்கிய பெயர் இது. அரசாங்கத் தாள்களில் கார்லாக் என்ற பெரிய முகாம் வலையின் 17-வது பிரிவு.

1938 ஜனவரியில் முதல் கைதிகள் வந்தார்கள். 1953-ல் முகாம் கலைக்கப்பட்டது. ஏறக்குறைய 8,000 பெண்கள் இங்கே தண்டனைக் காலத்தைக் கழித்தார்கள். வேறு முகாம்களுக்குப் போகும் வழியில் இங்கே தங்கிப் போனவர்களையும் சேர்த்தால் 18,000-க்கு மேல் என்பது அருங்காட்சியகத்தின் கணக்கு. அருங்காட்சியகம் திறந்தது 2007 மே 31-ல். கஜகஸ்தானில் மே 31 அரசியல் ஒடுக்குமுறைக்குப் பலியானவர்களின் நினைவு நாள்.

அந்தப் பெண்கள் செய்த குற்றம்தான் என்ன?

கல்யாணம் செய்துகொண்டதுதான். இது என் சொந்த வியாக்கியானம் இல்லை, உத்தரவிலேயே அப்படித்தான் இருக்கிறது.

1937 ஆகஸ்ட் 15-ல் என்.கே.வி.டி. என்ற ரகசியப் போலீஸ் 00486 என்ற எண்ணுள்ள உத்தரவு ஒன்றைப் போட்டது. கணவன் "தாய்நாட்டுத் துரோகி" என்று தண்டிக்கப்பட்டால் மனைவியையும் கைது செய்ய வேண்டும், 5 முதல் 8 ஆண்டு முகாம். பதிவுத் திருமணமோ, சேர்ந்து வாழ்ந்ததோ, வித்தியாசம் இல்லை. 3 வயது முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் அநாதை விடுதிக்கு, அதற்கும் சின்னது என்றால் குழந்தைகள் காப்பகத்துக்கு. கணவனைத் தானே காட்டிக்கொடுத்த மனைவிக்கு விலக்கு உண்டு. கர்ப்பிணிகளையும் பால்குடிப் பிள்ளை உள்ளவர்களையும் பிடிக்கக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. அது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ரஷ்யாவின் புகழ்பெற்ற பாலே நடனக்காரி மாயா பிலிசெத்ஸ்கயாவின் தாய் ரஹீல் மெஸ்ஸெரர். முன்னாள் மௌனப்பட நடிகை. கணவர் 1938 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இவரை மார்ச்சில் கைது செய்தபோது கையில் எட்டு மாதக் குழந்தை. அந்தக் குழந்தையோடுதான் அல்ஜிருக்கு வந்து சேர்ந்தார்.

துரார் ரிஸ்குலோவ் என்ற பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள். கஜகஸ்தானிலிருந்து சோவியத் ஆட்சியின் மேல்மட்டம்வரை போனவர். 1930-களின் தொடக்கத்தில் கஜகப் புல்வெளியில் கொடும் பஞ்சம். ஆடுமாடுகளைப் பறித்து, நாடோடி மக்களை வலுக்கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைக்குள் அடைத்ததால் வந்த பஞ்சம், ஏறக்குறைய 15 லட்சம் பேர் செத்தார்கள். அதைப் பற்றி ஸ்டாலினுக்கே கடிதம் எழுதியவர் ரிஸ்குலோவ். 1938-ல் அவரைச் சுட்டார்கள். மனைவி அஸீஸா, சிறையில் பிறந்த மகளோடு அல்ஜிருக்கு வந்தார்.

நிறையப் பெண்கள் நல்ல உடை உடுத்தி, குதிகால் உயர்ந்த செருப்போடு வந்திறங்கினார்களாம். "உன் கணவரைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம்" என்று சொல்லி அழைத்து வந்ததால். அந்தக் கணவர்களில் பலர் அதற்குள் உயிரோடு இல்லை.

அங்கே எப்படிப் போவது?

அஸ்தானாவிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான், அக்மோல் என்ற கிராமம் (பழைய பெயர் மலினோவ்கா). டாக்ஸிதான் சுலபம். யாண்டெக்ஸ், இன்டிரைவ் இரண்டு செயலியும் அங்கே ஓடுகின்றன. போகும்போது வண்டி உடனே கிடைக்கும், திரும்பும்போதுதான் வம்பு. நாங்கள் விவரம் தெரியாமல் வண்டியை அனுப்பிவிட்டு, வெளியே வந்து முக்கால் மணி நேரம் சாலையோரக் காற்றில் நின்றோம். "மாமா, டிரைவரை வெயிட்டிங்கில் போடலாம் என்று நான் சொன்னேன் இல்லையா" என்று அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். காத்திருக்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2022-லிருந்து 14 நாள்வரை விசா வேண்டாம். டில்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து அஸ்தானாவுக்கு ராத்திரி ரயில் ஏறினால் ஒரு நாள் ஓட்டல் செலவு மிச்சம். கரகண்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். திங்கட்கிழமை போகாதீர்கள், அங்கே அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் அன்றுதான் விடுமுறை.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் மைனஸ் 30 சாதாரணம், அதோடு புல்வெளிக் காற்று சேர்ந்தால் நம் உடம்பு தாங்காது. பார்க்க வேண்டியதில் பாதி திறந்தவெளியில் இருக்கிறது.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். நான் போனது செப்டம்பர் கடைசி. ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட், அதற்கும் மேலே காதுக்கு மப்ளர். அப்படியும் பெயர்ச்சுவர் முன்னால் பத்து நிமிஷம் நின்றதும் விரல் மரத்துப்போனது. அந்தப் பெண்கள் குளிர்காலத்தில் உறைந்த ஜலனாஷ் ஏரிக்குப் போய் நாணல் வெட்டி, கட்டுக்கட்டாக முதுகில் சுமந்து வந்தார்கள். குடிசைகளைச் சூடாக்க அந்த நாணல்தான் விறகு. நாணல் கட்டையைப் போல நின்று எரியாது, குப்பென்று பிடித்து அடங்கிவிடும். அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க ஒருத்தி உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது?

வாசலில் 18 மீட்டர் உயரத்தில் "துக்க வளைவு". கஜக மணப்பெண் தலையில் வைக்கும் சௌகெலே என்ற கூம்புக் கிரீடத்தின் சாயல் அதில் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு சிலைகள். தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஆண் சிலைக்கு "விரக்தியும் இயலாமையும்" என்று பெயர். பெண் சிலைக்கு "போராட்டமும் நம்பிக்கையும்". எனக்கு இந்தப் பெயர் வைக்கும் வழக்கமே பிடிக்காது. சிலையைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஒரு ரயில் பெட்டி. சரக்கு ஏற்றுகிற மரப்பெட்டி, உள்ளே இரண்டு அடுக்குப் பலகை. மாஸ்கோவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் இதில்தான் வாரக்கணக்கில் வந்தார்கள். பக்கத்திலேயே காவல் கோபுரமும், மாதிரிக்குக் கட்டிய கைதிகள் குடிசையும்.

வட்டமான கட்டடத்துக்குள் போனால் கடிதங்கள், புகைப்படங்கள், கைவேலைகள். முகாமில் பெரிய தையல் தொழிற்சாலை இருந்தது. போர்க்காலத்தில் ராணுவத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவர்கள் இந்தத் "துரோகி மனைவிகள்"தான். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் போர் முடியும்வரை பலரை விடவில்லை. முதல் ஒன்றரை ஆண்டு போலக் கடிதம் எழுதவோ வாங்கவோ அனுமதி கிடையாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதங்களைப் பாருங்கள்.

நான் அதிக நேரம் நின்றது பின்னால் இருக்கும் கருங்கல் சுவரில். 7,000-க்கு மேற்பட்ட பெயர்கள், பலகை பலகையாக, சிரிலிக் எழுத்தில். அக்கா மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அவள் வாய்விட்டு வாசிக்க வாசிக்க, ரஷ்யப் பெயர், யூதப் பெயர், ஜார்ஜியப் பெயர், கஜகப் பெயர், போலந்துப் பெயர் என்று மாறி மாறி வந்தது. 60-க்கும் மேற்பட்ட இனத்துப் பெண்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை வரவும் நிறுத்திவிட்டாள். "அக்கா தங்கச்சியா இருக்குமோ மாமா?" எனக்கு எப்படித் தெரியும். பெயருக்குக் கீழே ஒரு வரி விவரம்கூட இல்லை.

நிதானமாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். சுற்றுலாக் கம்பெனிகள் ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றன. அப்படிப் போவதற்குப் போகாமலேயே இருக்கலாம்.

கல் எறிந்த கதை என்று ஏதோ சொல்கிறார்களே?

அங்கே போகும் எல்லாருக்கும் சொல்லப்படும் கதை. கைதியாக இருந்த ஒரு பெண் பல ஆண்டுகள் கழித்து, 1990-ல் திரும்பி வந்தபோது சொன்னதாகச் சொல்கிறார்கள்.

ஏரிக்கரையில் நாணல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் மேல் பக்கத்துக் கஜக கிராமத்துக் கிழவர்களும் சிறுவர்களும் கல்லை எறிந்தார்கள். காவலாளிகளுக்கு ஒரே சிரிப்பு. "பாருங்கள், இந்த ஊரில்கூட உங்களை யாருக்கும் பிடிக்கவில்லை." மறுநாளும் கல். ஒருத்தி தடுக்கி விழுந்தபோது முகத்துக்கு நேரே கிடந்த கல்லில் பால் வாசனை அடித்தது. எடுத்து வாயில் போட்டாள். அது குர்ட்.

குர்ட் என்றால் தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டி, வெயிலில் காயவைத்தது. மோர் மிளகாயிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டு அந்தப் புளிப்பையும் உப்பையும் மட்டும் உருண்டை பிடித்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான். கல் மாதிரி இறுகியிருக்கும், மாதக்கணக்கில் கெடாது. எறிந்த கிராமத்தார் ஐந்தாறு வருஷத்துக்கு முன்புதான் மேலே சொன்ன பஞ்சத்தைக் கடந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கதை திரும்பத் திரும்பச் சொல்லிக் கொஞ்சம் வழுவழுப்பாகியிருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அன்று சாயங்காலம் சந்தையில் கால் கிலோ குர்ட் வாங்கினேன்.

ரஷ்ய மொழி தெரியாவிட்டால் புரியுமா?

கஜகம், ரஷ்யன் இரண்டும் எங்கும் உண்டு, ஆங்கிலம் எல்லா இடத்திலும் இல்லை. ஆங்கிலத்தில் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். போனில் கேமரா வழியாக மொழிபெயர்க்கும் வசதி பலகைகளுக்குப் போதும், கையெழுத்துக் கடிதங்களிடம் அது தோற்றுவிடும். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் யாரையாவது கூட்டிப்போவது இதற்கெல்லாம் மேல். முதல் வருஷத்திலேயே அவர்கள் ரஷ்யன் கற்றுக்கொண்டாக வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

அல்ஜிருக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப்போகலாம், பயமுறுத்தும் காட்சிகள் குறைவு. டோலிங்கா வேண்டாம்.

டோலிங்காவில் அப்படி என்ன?

கரகண்டாவிலிருந்து 45 கிலோமீட்டர் போல. கார்லாக் முழுவதற்கும் தலைமை அலுவலகம் இருந்த கிராமம். தூண்கள் வைத்த கம்பீரமான கட்டடம், ஏதோ பழைய ஜில்லா கோர்ட்டு மாதிரி. அதுதான் இப்போது அருங்காட்சியகம்.

கார்லாக் 1931-ல் தொடங்கி 1959 வரை நடந்தது. வடக்கு தெற்காக 300 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 200 கிலோமீட்டர். ஏறக்குறைய 10 லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கரகண்டாவில் நிலக்கரி வெட்ட ஆள் வேண்டும், வெட்டுகிறவர்களுக்குச் சோறு வேண்டும். இரண்டுக்கும் கைதிகள். புல்வெளியில் விவசாயம், மாட்டுப்பண்ணை, ஆராய்ச்சிப் பண்ணைகூட நடத்தினார்கள். படித்த விஞ்ஞானிகள் கைதிகளாக இருந்ததால் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. உயிர் இயற்பியலாளர் அலெக்சாந்தர் சிஷெவ்ஸ்கி கார்லாக்கில் அடைபட்டிருந்தவர்தான்.

கட்டடத்தின் நிலவறையில் விசாரணை அறை, தனிமைச் சிறை எல்லாம் பொம்மைகள் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு, ரத்தச்சாயம். எனக்கு இது உவப்பாக இல்லை. பொருட்காட்சியில் பேய் வீடு பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது. மேல்மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டச்சு செய்த ஒரு தாள், கீழே மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. அது போதும். கிராமத்துக்கு வெளியே "அம்மாக்கள் கல்லறை" என்று ஒரு இடம் இருக்கிறது. முகாமில் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடம். டிரைவரிடம் சொன்னால் கூட்டிப்போவார். அங்கே பலகை, பொம்மை, விளக்கு ஒன்றும் கிடையாது. புல்லுக்கு நடுவே சின்னச் சின்னச் சிலுவைகள்.

நேரமிருந்தால் கரகண்டாவுக்குத் தெற்கே ஸ்பாஸ்க் நினைவிடம். இரண்டாம் உலகப் போர்க் கைதிகள் இறந்த முகாம். ஜப்பான், ஜெர்மனி, ருமேனியா என்று நாட்டுக்கு நாடு தனி நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ரஷ்யாவுக்கே போகக் கூடாதா? மாஸ்கோவில் பெரிய மியூசியம் இருக்கிறதே?

இருந்தது. மாஸ்கோவின் குலாக் (சோவியத் சிறைமுகாம் அமைப்பு) வரலாற்று அருங்காட்சியகத்தை 2024 நவம்பரில் மூடினார்கள். சொன்ன காரணம் தீத்தடுப்பு விதிகள். முகாம் கட்டடங்களோடு பாதுகாக்கப்பட்டிருந்த பேர்ம்-36 என்ற ரஷ்ய அருங்காட்சியகம், பத்தாண்டுக்கு முன்பே அதை உருவாக்கியவர்கள் கையை விட்டுப் போனது. இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டிய மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு.

ரஷ்யாவுக்கு வெளியே வில்னியஸ், ரீகா இரண்டிலும் பழைய கே.ஜி.பி. கட்டடங்களே அருங்காட்சியகம். நம்மூர்க்காரர்கள் அதிகம் போகும் தாஷ்கண்டிலும், தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

இந்தியர்கள் யாராவது இதில் சிக்கினார்களா?

அல்ஜிரில் இந்தியப் பெண் யாரும் இருந்ததாக நான் பார்க்கவில்லை. ஆனால் அதே 1937-ல் இந்தியப் புரட்சிக்காரர்கள் இருவரைச் சுட்டார்கள். ஒருவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, சரோஜினி நாயுடுவின் தம்பி. லெனின்கிராடில் கைதாகி, செப்டம்பர் 2-ல் கொல்லப்பட்டார். இன்னொருவர் அபனி முகர்ஜி, 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அக்டோபர் 28.

தாஷ்கண்டில் அபனி முகர்ஜியோடு உட்கார்ந்து கட்சி தொடங்கியவர்களில் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் உண்டு. பாரதி காலத்து "இந்தியா" பத்திரிகையில் இருந்தவர். அவர் கருத்து மாறுபட்டு 1920-களின் தொடக்கத்திலேயே ரஷ்யாவை விட்டு பெர்லினுக்குப் போய்விட்டார். ரஷ்யாவிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கட்சிக் குடும்பம். இதெல்லாம் மேற்கத்தியப் பிரசாரம் இல்லையா?

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. அவர் வீட்டில்தான் "சோவியத் நாடு" பத்திரிகையின் வழவழத் தாளைக் கிழித்து நாங்கள் நோட்டுக்கு அட்டை போட்டோம். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சடித்துத் தந்த தமிழ்ப் புத்தகங்கள் இல்லையென்றால் நான் வாசிக்கவே பழகியிருக்க மாட்டேன். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை.

ஆனால் பெரியப்பா, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது சோவியத் அரசாங்கத்தின் சொந்தக் கோப்பு. 1937-38 இரண்டே ஆண்டில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்பது அவர்கள் போலீஸே எழுதி வைத்த கணக்கு. ஸ்டாலினுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த குருஷேவ் 1956-ல் கட்சி மாநாட்டிலேயே இதைப் பேசினார். கொல்லப்பட்டவர்களில் கட்சிக்காரர்களும் ஏராளம். அல்ஜிர் பெண்களின் கணவர்கள் பலரும் கட்சி உறுப்பினர்களே.

அருங்காட்சியகத்தின் மேல் எனக்கும் குறை உண்டு. எல்லாக் கொடுமையும் மாஸ்கோவிலிருந்து வந்திறங்கியது போல ஒரு தொனி. உள்ளூரில் பெயர்ப் பட்டியல் தயாரித்தவர்கள், காட்டிக்கொடுத்தவர்கள், காவலுக்கு நின்றவர்கள் பற்றி அதிகம் பேச்சில்லை.

என் பெயரே ஸ்டாலின். ஏதும் பிரச்சினை வருமா?

வராது. ஆச்சரியப்படுவார்கள், சிரிப்பார்கள், பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5-ல். மு.க. ஸ்டாலின் பிறந்தது அதே மார்ச் 1-ல், பெயர் வந்த வழி நமக்கெல்லாம் தெரியும். அதற்கப்புறம் நம் ஊரில் தெருவுக்கு ஒரு ஸ்டாலின். இதை அங்கே விளக்கப் போனால் அரை நாள் ஆகும். பெயர்ச்சுவர் பக்கத்தில் மட்டும் உங்கள் நண்பர்கள் "டேய் ஸ்டாலின், இங்க வாடா" என்று கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

வெளியே தாராளமாக. உள்ளே கேட்டுவிட்டு எடுங்கள். ரயில் பெட்டிக் கதவில் தொங்கிக்கொண்டு ரீல்ஸ் எடுத்த ஒரு கூட்டத்தைப் பார்த்தேன், என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாடு?

கிராமத்தில் சின்னக் கடைகள்தான். சைவம் என்றால் அஸ்தானாவிலிருந்தே ரொட்டி, பழம் கொண்டுபோங்கள். சூடான டீ ஒரு பிளாஸ்க்கில் கட்டாயம்.

குர்ட் வேண்டுமென்றால் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். உருண்டை பெரிதாக இருந்தால் உப்பு தூக்கலாக இருக்கும், சின்னதாகப் பார்த்து வாங்குங்கள், கடிக்காமல் வாயில் ஒதுக்கி ஊறவிடுங்கள். நான் வாங்கி வந்ததில் பாதியை அக்கா மோர்க்குழம்பில் போட்டுப் பார்த்தாள். கரையவே இல்லை.